ஏரிக்கரையில் அப்பாவின் திதி

அத்தியாயம் பதினொன்று

வயிற்றுவலி என்று பொய் சொல்வதில் ஒரு வசதி உண்டு. யாரும் திறந்து பார்க்க முடியாது. பாலாம்பிகை அந்த வசதியைத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை பயன்படுத்திக்கொண்டாள்.

"நேத்து நல்லாத்தானே இருந்தீங்க? மலை மேல அந்த மீன் வறுவலை ஒரு கை பார்த்தீங்களே" என்றாள் சுலோச்சனா. டாக்டர் ரங்கராஜனின் மனைவி. கழுத்தில் கேமரா, கையில் ஊர் சுற்றிப் பார்க்கும் சிறு புத்தகம், காலில் வெள்ளை கான்வாஸ் சப்பாத்து. டாக்டர் வழக்கம்போல வரவில்லை.

"அந்த மீன்தான் ஒத்துக்கொள்ளேல்லைப் போலை. நீங்கள் போங்கோ, மிஸிஸ் ரங்கராஜன். நான் இதிலை இருக்கிறன்."

"இன்னிக்குத்தான் தீவு, பாலா. அரண்மனை இருக்கு, படிப்படியா தோட்டம் இருக்கு, வெள்ளை மயில் இருக்காம். மயிலைப் பார்க்காம ஸ்ட்ரேசாவுக்குப் போனேன்னு லாண்டரியில யார்கிட்ட சொல்லுவீங்க?"

"நீங்கள் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ. அதைக் காட்டுறன்."

சுலோச்சனா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு வயிற்றுவலிக்கு ஒரு மாத்திரையைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் படகில் ஏறினாள். லண்டனிலிருந்து கோச் பஸ்ஸில் வந்த கூட்டம் முழுவதும் அந்தச் சிறிய படகில் நிரம்பித் தீவுப் பக்கம் போய்விட்டது.

பாலாம்பிகை மாத்திரையைக் கைப்பைக்குள் போட்டாள். இன்று பகல் வரை அவள் வாயில் தண்ணீர் தவிர வேறொன்றும் படாது. இன்று அப்பாவின் திதி.

இடையில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்போம். பாலாம்பிகை லண்டனில் செவன் கிங்ஸ் பகுதிக்காரி. ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. அங்கே வேலைசெய்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை போகும் கோச் பயணத்தில், இந்த வருடம் இத்தாலி ஏரி என்றதும், பன்னிரண்டு வருடமாக எங்கேயும் போகக் கேட்காதவள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். கணவர் பரமேஸ்வரன் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறவர். "தண்ணியைப் பார்க்க இத்தாலிக்குப் போகோணுமோ?" என்று கேட்டார். கேட்டாலும் தடுக்கவில்லை. பாவம், வரைபடத்தை எடுத்துப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஏரியின் மேல்தலை சுவிஸ் நாட்டுக்குள் இருக்கிறது. அங்கே லொக்கார்னோ என்ற ஊரில், ஹோட்டல் குசினி ஒன்றில், அவளுடைய ஒரே தம்பி அருட்பிரகாசம் பாத்திரம் கழுவுகிறான். அங்கிருந்து படகு ஏறினால் அதே தண்ணீரில் வந்து இந்தத் துறையில் இறங்கலாம்.

ஆறு வருடத்துக்கு முன் பிரகாசம் டொலறஸைக் கட்டினான். யாழ்ப்பாணத்துப் பெண்தான், நல்ல பெண்தான், ஆனால் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். அந்தச் செய்தி வந்த அன்று பரமேஸ்வரன், "இனி இந்த வீட்டிலை அவன்ரை பேர் எடுபடக் கூடாது" என்றார். எடுபடவில்லை. பாலாம்பிகை ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் போன் பெட்டியில் நின்று, மனப்பாடம் செய்த நம்பரைச் சுழற்றி, எப்போதாவது டொலறஸோடு கதைப்பாள். பிரகாசம் அந்த நேரம் வேலையில் இருப்பான். வீட்டில் இருந்தாலும் வரமாட்டான். அக்காவோடு கதைக்கிறதென்றால் முகத்தைப் பார்த்துத்தான் கதைப்பேன் என்று ஒரே பிடி.

அந்த முகத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். "அப்பாவின்ரை திதி அண்டைக்கு எங்களை ஊர் பார்க்க விட்டிடுவினம். காலமை தொடக்கம் படகுத்துறையிலை நிப்பன் எண்டு சொல்லும்" என்று டொலறஸிடம் சொன்னாள். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தபோது பதில் கிடைத்தது. "ஓமாம் மச்சாள். திதி அண்டைக்கு வாறாராம்."

அவ்வளவுதான் ஏற்பாடு. நாளைக் காலை கோச் லண்டனுக்குத் திரும்புகிறது.

முதல் படகு வந்தது. பெரிய வெள்ளைப் படகு. ஜேர்மன்காரக் கிழவர்கள் இறங்கினார்கள், ஒரு நாய் இறங்கியது, சைக்கிள் இரண்டு இறங்கின. பாலாம்பிகை எழுந்து நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். கறுத்தத் தலை ஒன்றும் இல்லை. அடுத்த படகாயிருக்கும் என்று துறையோர வாங்கில் பலகையில் உட்கார்ந்தாள்.

ஸ்ட்ரேசா வடிவான ஊர். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கரையோரம் முழுக்க நடைபாதை, நடைபாதை முழுக்க நீலப் பூச்செடி, எதிரே கல்யாண மண்டபம் போலத் தூணும் பால்கனியுமாக ஹோட்டல்கள். தம்பதிகள் கையில் ஐஸ்கிரீமோடு போனார்கள். எல்லாரும் இரண்டிரண்டு பேராக இருந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறவளை எல்லாரும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சேலை கட்டியிருந்தால் இரண்டுமுறை.

அவள் சேலைதான் கட்டியிருந்தாள். தம்பிக்கு அடையாளம் தெரிய வேண்டுமே. அவள் லண்டன் போகும்போது அவனுக்கு மீசை அரும்பவில்லை.

மடியில் ஒரு டப்பா. அதற்குள் பயற்றம் பணியாரம். அப்பாவுக்கு உயிர். செவன் கிங்ஸில் பொரித்து, கோச்சில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தது. பகலில் அவனும் தானும் இந்த வாங்கிலில் இருந்து, அப்பாவை நினைத்து, ஆளுக்கொன்று சாப்பிடுவதென்று நினைத்திருந்தாள். அதற்குமேல் எதையும் நினைக்க அவளுக்குத் துணிவில்லை.

இரண்டாவது படகு வந்தது. துறையில் சீருடைக்காரர் இருவர் நின்று, இறங்கியவர்களில் சிலரை நிறுத்திக் கடதாசி பார்த்தார்கள். பிரகாசத்தின் பேமிற், அந்த அகதி அனுமதிச் சீட்டு, சுவிஸைத் தாண்ட விடாது. பிடித்தால் அவன் அகதி வழக்கே பாழாகும். வர வேண்டும் என்று கும்பிட்ட அதே வாயால், இந்தப் படகில் வரக் கூடாது என்று கும்பிட்டாள்.

கும்பிட்டது பலித்தது. அவன் வரவில்லை.

*

அதே நேரம் செவன் கிங்ஸில் பரமேஸ்வரன், மனைவி வைத்துவிட்டுப் போன பெட்டிகளில் எது ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி என்று குளிர்ப்பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தார். "ஞாயிறு அப்பாவின்ரை திதி, மரக்கறி" என்று அவள் சொன்னது நினைவிருந்தது. மனைவி இல்லாத வீடு இத்தனை சத்தமில்லாமல் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. டெலிவிஷனைப் போட்டால் கிரிக்கெட். நிறுத்தினால் அடுத்த வீட்டுக்காரன் புல் வெட்டுகிற சத்தம்.

போன் அடித்தது. அவள்தான் என்று ஓடிப்போய் எடுத்தார். ஓடியதை யாரும் பார்க்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

"அண்ணை, நான் டொலறஸ்."

"எந்த டொலறஸ்?"

"பிரகாசத்தின்ரை மனிசி. பூசை முடிஞ்சு இப்பதான் வந்தனான். இவர் படுத்திருக்கிறார். அதுதான் எடுக்கிறன்."

பரமேஸ்வரன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"மச்சாளை வரவிடாமல் பண்ணினது நீங்களோ அண்ணை? கோவிக்காதையுங்கோ, கேட்டுத்தான் ஆகோணும். நேற்று இவர் ஸ்ட்ரேசாவுக்குப் போனவர். பிடிச்சா எல்லாம் முடிஞ்சுது, போகவேண்டாம் எண்டு அழுதனான். அக்கா வாறா, அப்பாவின்ரை திதி எண்டு போனவர். காலமைப் படகிலை போய், பின்னேரம் கடைசிப் படகு வெளிக்கிடும் மட்டும் இருந்தவராம். மச்சாள் வரேல்லை."

"நேற்றோ?"

"ஓம், நேற்று. அக்காவும் என்னைத் தள்ளிப்போட்டா எண்டு வந்து படுத்தவர்தான். திதிச் சோறு நான் சமைச்சு வைச்சனான் அண்ணை. மரக்கறிதான். புதுச் சட்டி வாங்கிச் சமைச்சனான். தொடேல்லை."

"அவ இஞ்சை இல்லை" என்றார் பரமேஸ்வரன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் போனை வைத்துவிட்டார்.

முதலில் கோபம்தான் வந்தது. ஏரி பார்க்கிறாளாம் ஏரி. அடி கள்ளி என்று வாய்விட்டே சொன்னார். பதில் சொல்ல ஆள் இல்லாததால் கோபம் அதிக நேரம் நிற்கவில்லை. நின்றது அந்த ஒரு சொல்தான். நேற்று.

திதி இன்றைக்கல்லவா?

குசினிச் சுவரில் கலண்டர் தொங்கியது. வாக்கிய பஞ்சாங்கப்படி கணித்தது. அவர் வீட்டில் பரம்பரையாக அதுதான். யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு என்பது தெரிந்த விஷயம். ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். இரண்டிலும் திதி முடிகிற நேரம் சில மணித்தியாலம் முன்பின்னாக வரும். பல வருடம் அதனால் ஒன்றும் ஆவதில்லை. சில வருடம் ஒரு நாளே தள்ளிப் போகும்.

பாலாம்பிகையின் தகப்பன் தில்லையம்பலம் வாத்தியார் திருக்கணிதக்காரர். கல்யாணத்துக்கு நாள் வைக்க வந்தபோது இரண்டு பஞ்சாங்கமும் மேசையில் கிடந்து மல்லுக்கட்டின. விடியும்வரை வாக்குவாதம். கடைசியில் வாத்தியார்தான் தன் புத்தகத்தை மூடினார். "பெண் குடுக்கிற வீடு நாங்கள். இனி அவள் உங்கடை பஞ்சாங்கத்திலை சீவிக்கட்டும்" என்றார்.

சொன்னபடியே சீவித்திருக்கிறாள். தகப்பன் திதியைக்கூட இந்தச் சுவரைப் பார்த்துத்தான் குறித்திருக்கிறாள். தம்பி தகப்பன் வீட்டுக் கணக்கை விடவில்லை. வேதக்காரிக்குப் பஞ்சாங்கம் ஒன்றா இரண்டா என்று என்ன தெரியும்? கேட்டதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

பரமேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். இது இப்போது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தம்பி வரவில்லை என்று அவள் நினைப்பாள், அக்கா வரவில்லை என்று அவன் நினைப்பான். ஆறு வருடமாக அவர் கேட்டது கைமேல் கிடைத்துவிடும்.

சோற்றுப் பெட்டியைச் சூடாக்காமலே ஷிப்டுக்குப் போனார். கல்லாவில் நின்றவருக்கு அந்தக் குரலே காதில் நின்றது. அண்ணை என்றாள். அவளுக்கு நாத்தனாரின் புருஷன் அண்ணன் முறைதான், அதில் பிழையில்லை. ஆனால் ஐந்து ஆண்பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்த பரமேஸ்வரனை அந்தச் சொல்லால் எந்தப் பெண்ணும் உரிமையோடு கூப்பிட்டதில்லை. புதுச் சட்டி வாங்கினாளாம். இரண்டு வாடிக்கையாளருக்கு மிச்சக்காசைப் பிழையாகக் கொடுத்தார்.

*

தீவிலிருந்து கூட்டம் திரும்பியபோது கடைசிப் படகும் வந்துவிட்டுப் போய்விட்டது.

"வயித்துவலி எப்படி இருக்கு?" சுலோச்சனா வாங்கிலில் சாய்ந்தாள். "மயில் வெள்ளைவெளேர்னு நிக்குது பாலா. சுவர் பூரா கூழாங்கல் ஒட்டின ரூமெல்லாம் இருக்கு. அழகா இருந்துது. ஆனா பக்கத்துல சொல்றதுக்கு ஆளே இல்ல. எல்லாத்தையும் நானே பார்த்து, நானே ஆகான்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். ஆனாலும் பாலாம்பிகைக்கு அவளை முதல்முறையாகப் பிடித்தது. டப்பாவைத் திறந்து ஒரு பணியாரம் கொடுத்தாள்.

தனக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் போனாள். திதிச் சோற்றில் முதல் பிடி காகத்துக்கு. இங்கே காகம் இல்லை. இரண்டு அன்னம் நின்றன. பணியாரத்தை உடைத்துப் போட்டாள். அப்பா காகமாக வராவிட்டால் பரவாயில்லை, பசியோடு போகக் கூடாது. மிச்சத்தைத் தான் வாயில் போட்டுக்கொண்டாள். நாள் முழுக்க அழாதவளுக்கு அந்த ருசியில் அழுகை வந்துவிட்டது. தம்பிக்குத் தன்னைப் பார்க்க விருப்பமில்லை. அதைத் தவிர வேறு காரணம் அவளுக்குத் தோன்றவில்லை. எத்தனையோ ஆயிரம் பேர் வந்து இன்பமாக இருந்துவிட்டுப் போகிற ஊரில் தன்னைப்போலத் தனித்துப் போனவள் யாரும் இருக்கமாட்டாள் என்று நினைத்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, ஹோட்டல் வாசலில் இருந்த போனிலிருந்து வீட்டுக்கு எடுத்தாள். நாளைக்குப் புறப்படுகிறோம் என்று சொல்ல வேண்டுமே.

"நான்தான்."

"சாப்பிட்டீரோ?" என்றார் பரமேஸ்வரன்.

"ஓம். நீங்கள்?"

"ஓம்." இரண்டுமே பொய்.

"ஏரி எப்பிடி?"

"வடிவு."

"வடிவோ?"

"ஓம். நல்ல வடிவு."

போன் கார்டில் பணம் கரைந்துகொண்டிருந்தது. பரமேஸ்வரன் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வைக்கட்டும், அவளே வைக்கட்டும் என்று காத்திருந்தார். அவள் மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது.

"பாலா" என்றார். "திதி நேற்று."

"என்ன?"

"உம்மடை கொப்பரின்ரை திருக்கணிதக் கணக்கிலை திதி நேற்று. இண்டைக்கு எங்கடை கணக்கிலைதான். உம்மடை தம்பி நேற்று வந்தவன். காலமை தொடக்கம் கடைசிப் படகு மட்டும் அந்தத் துறையிலை இருந்தவனாம். டொலறஸ் போன் எடுத்துச் சொன்னவ."

பாலாம்பிகை ஏரிப் பக்கம் திரும்பினாள்.

நேற்று. நேற்றுக் காலை அவள் சுலோச்சனாவோடு மலைக்குப் போனாள். கம்பியில் தொங்கும் பெட்டி கரையிலிருந்து கிளம்பி மேலே ஏற ஏற, கீழே ஏரியில் ஒரு வெள்ளைப் படகு துறைக்கு வந்துகொண்டிருந்தது. சுலோச்சனா, "டாட்டா காட்டுங்க பாலா, லண்டன்லதான் யாருக்கும் காட்ட மாட்டேங்கறீங்க" என்றாள். பாலாம்பிகை சிரித்துக்கொண்டு கையைக் காட்டினாள். பின்னேரம் வரை உச்சியில் நின்று, ஏழு ஏரி தெரியுதாம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நேற்று நான் மீன் சாப்பிட்டனான்" என்றாள். "அப்பாவின்ரை திதி அண்டைக்கு மீன் சாப்பிட்டனான்."

"தெரியாமல் செய்தது."

"நான் அவரின்ரை பிள்ளையெல்லோ. எந்தப் பஞ்சாங்கமெண்டு எனக்கெல்லோ தெரியோணும்."

வாத்தியார் புத்தகத்தை மூடிய சத்தம் பரமேஸ்வரனுக்கு இப்போதுதான் கேட்டது போலிருந்தது.

"எனக்குச் சொல்லாமல் போனதை நீர் வந்தாப்போலை கதைப்பம்" என்றார். "இப்ப இதை வைச்சிட்டு அவனுக்கு எடும். நம்பர் தெரியுமெல்லோ?"

"தெரியும்."

"டொலறஸ் எடுத்தா..." அவர் தொண்டையைச் செருமினார். "அண்ணை கேட்டவர் எண்டு சொல்லும்."

வைத்துவிட்டார். பாலாம்பிகை நம்பரை அமுக்கினாள். விரல் இரண்டுமுறை தவறியது. மூன்றாம்முறை மணி போனது. டொலறஸ்தான் எடுப்பாள் என்று, அண்ணை கேட்டவர் என்ற செய்தியை முதலில் சொல்லத் தயாராக நின்றாள்.

"ஹலோ" என்றது ஒரு ஆண்குரல்.

தடித்துப் போயிருந்தது. ஆனால் முதல் எழுத்தில் கொஞ்சம் இழுப்பது அப்பாவேதான்.

"தம்பி, அக்கா."

தூரத்தில் டொலறஸ், "ஆரப்பா?" என்று கேட்டாள். பாத்திரம் ஒன்று வைக்கிற சத்தம் கேட்டது.

"பிழையான நம்பருக்கு எடுத்திருக்கிறியள்" என்றான் பிரகாசம். தமிழில் சொன்னான்.

பாலாம்பிகை கண்ணை மூடிக்கொண்டு, போன் வைக்கிற சத்தத்துக்குக் காத்து நின்றாள். ஏரிக்கரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கார்டில் கடைசிக் கோடு மின்னியது. வைக்கிற சத்தம் வரவில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது.

அவள் நேற்றுச் சாப்பிட்ட மீனிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.